அப்பளத்தில் ஓடிய கேம்

ஊரில் உள்ள எடை மெஷினையெல்லாம் கிராம் சுத்தமாகச் சரிபார்த்துக் கொடுப்பார் கொம்பையா அண்ணாச்சி. அவர் பேச்சை மட்டும் எந்த மெஷினிலும் ஏற்ற முடியாது. தூத்துக்குடியில் அவர் அளந்து விடாத கதை இல்லை. அந்த வாயை நம்பித்தான் ஒருநாள் தன் கடை நிற்கப் போகிறது என்று ஜெசிந்தா கனவிலும் நினைத்ததில்லை.

பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் அவளுடைய கேம் சென்டர். அன்றைக்கு நாலு மணிக்குக் கார் ரேஸ் போட்டி. கள்ளக் காப்பி சங்காத்தமே வேண்டாம் என்று இதற்காகவே ஒரிஜினல் கேமை வாங்கிப் போட்டிருந்தாள். நாற்பது பேர் வந்து உட்கார்ந்தாயிற்று. கேம் திறக்கவில்லை. 'உங்கள் கணக்கு வேறொரு இடத்தில் திறந்திருக்கிறது. ஒரு கணக்குக்கு ஒரு இடம்தான்' என்று திரை அடம்பிடித்தது. கம்பெனிக்குப் போன் போட்டால் அரை மணி நேரமாக வெறும் மியூசிக்தான் வருகிறது.

"வேற எந்த இடத்துல தெறந்திருக்கேன், சொல்லுங்க. காசு குடுத்து வாங்குனவளப் பாத்துத் திருடிங்கான். கள்ளக் காப்பி போட்டவன் நிம்மதியா வெளையாடுதான்" என்றாள். புது மாலில் பெரிய கேம் சென்டர் ஒன்று திறந்திருக்கிறார்கள். இந்த நாற்பது பேரும் எழுந்து அங்கே போனால், அப்புறம் இந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். நாலைந்து பேர் ஏற்கெனவே பைக் சாவியைக் கையில் எடுத்திருந்தார்கள்.

அப்போதுதான் மூலையில் இருந்த அண்ணாச்சி தொண்டையைச் செருமினார். "இதெல்லாம் ஒரு பூட்டா? நான் பாக்காத பூட்டா?"

சாவியை எடுத்தவர்கள் நின்றார்கள்.

"சிடி காலத்துல நடந்தது. ஒரிஜினல் சிடி உள்ள இருந்தாத்தான் ஓடுவேன்னு ஒரு கேமு. எங்கிட்ட ஏது ஒரிஜினலு? அடுக்களைக்குப் போனேன். பொரிக்காத அப்பளம் ஒண்ணு இருந்துச்சு. நடுவுல ஓட்டையப் போட்டு உள்ள தள்ளுனேன். ஓடிச்சுல்லா."

"அப்பளமா?" என்றார் மைதீன். மருந்துக் கம்பெனி ரெப். எதையும் பில் இல்லாமல் நம்பாத ஆள்.

"அப்பளந்தான் வே. ஒரிஜினலவிட வேகமா ஓடிச்சு. மூணாவது லெவல்ல சூடேறி உள்ளயே பொரிஞ்சு போச்சு, அது ஒண்ணுதான் கொற. கம்பெனிக்காரனுக்குச் சேதி போயிட்டு. அப்பளத்தைக் கண்டுபிடிக்கன்னே தனியா ஒரு பூட்டுப் போட்டான். நான் வடகத்துக்கு மாறுனேன். மனுசன் வெறுத்துப் போயி, சிடியே வேண்டாம்னு எல்லாத்தையும் நெட்டுல ஏத்திட்டான். இன்னைக்கு நீங்க சிடி இல்லாம வெளையாடுதீங்கன்னா யாரு காரணம்? யோசிச்சுப் பாருங்க."

இரண்டு சாவி சட்டைப் பைக்குள் போயிற்று. ஜெசிந்தா போனைக் காதில் வைத்துக்கொண்டே, இன்னும் பேசுங்க என்று அண்ணாச்சிக்குக் கண்ணைக் காட்டினாள்.

"நெட்டுல ஏத்துனபெறகு என்ன செஞ்சீரு?" மைதீன் விடவில்லை.

"அங்கதான் கத இருக்கு. பத்து நிமிசத்துக்கு ஒருக்க கேமு கம்பெனிகிட்ட கேக்கும், இவன் காசு குடுத்தானான்னு. நம்ம மேல அம்புட்டு நம்பிக்கை. கேள்வி எது வழியாப் போகுது? கடலுக்கு அடியில கேபிளு. நேரா ஹார்பர் பக்கம் போயி முங்குனேன். நாலு பனை ஆழம். கேபிள்ல காதை வச்சேன். கேள்வி வருது. அப்படியே மடக்கிப் பிடிச்சு, மொதலாளி கொரல்ல 'குடுத்துட்டான், குடுத்துட்டான்'னு நானே பதிலச் சொல்லி அனுப்பிட்டேன். மூணு நாளு அங்கயே கெடந்தேன். ரெண்டு ஜில்லா ஓசியில வெளையாடிச்சு."

"மூணு நாளு மூச்சு?"

"பத்து நிமிசத்துக்கு ஒருக்கத்தான வே கேள்வி. நடுவுல மேல வந்து ஒரு டீயக் குடிச்சுக்கிட வேண்டியதுதான்."

பின்வரிசையில் ஒருத்தனுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. அண்ணாச்சி அவனுக்குத் தண்ணீர் பாட்டிலை நீட்டிவிட்டுத் தொடர்ந்தார்.

"அஞ்சாவது நாளு கம்பெனி மொதலாளியே பிளேன் பிடிச்சு வந்துட்டாரு. நம்ம கடை வாசல்ல கோட்டு சூட்டோட நிக்காரு. 'அண்ணாச்சி, ஒம்மால எனக்குத் தூக்கமே இல்ல. யாராலயும் ஒடைக்க முடியாத பூட்டு ஒண்ணு நீரே செஞ்சு தாரும்'ங்காரு. பாவமா இருந்துச்சு. செஞ்சு குடுத்தேன். அது எம்புட்டு நல்ல பூட்டுன்னா, மொதலாளியையே உள்ள விட மாட்டேன்னுட்டு. இன்னைக்கும் அவரு கம்பெனி கேமை எங்கிட்ட கள்ளக் காப்பி வாங்கித்தான் வெளையாடுதாரு. போன வாரங்கூட ஒண்ணு கூரியர்ல போட்டேன்."

மணி ஐந்தாகப் போகிறது. ஒருவர்கூட எழுந்திருக்கவில்லை. ஜெசிந்தாவுக்கு அந்த நிமிஷம் அவர் காலில் விழலாம் போல இருந்தது.

மைதீன்தான் எழுந்தார். "எல்லாம் சரி அண்ணாச்சி. இந்தா இருக்கு பூட்டு. தெறந்து காட்டும்."

அண்ணாச்சி நாற்காலியை இழுத்துப் போட்டார். விரல்களைச் சொடுக்கினார். திரையை உற்றுப் பார்த்தார். நெற்றியில் வேர்த்தது. "இது நான் செஞ்சதுல ஒண்ணு மாதிரில்லா தெரியுது" என்று இழுத்தார்.

அந்த நேரம் பார்த்து அவர் போன் அடித்தது. மனைவி செல்வராணி. அண்ணாச்சி போனில் ஸ்பீக்கர் போட்டால்தான் எதுவும் கேட்கும்.

"ஏங்க, சீரியல் போடலாம்னா டிவியில உங்க காருதான் நிக்குது. காலையில பாதியில நிப்பாட்டிட்டுப் போனீங்கள்லா, அது. மேல ஜெசிந்தா கேம்ஸுன்னு பேரு வேற போட்டிருக்கு. அணைச்சிரவா?"

நாற்பது பேரும் அண்ணாச்சியைப் பார்த்தார்கள். அண்ணாச்சி ஃபேனைப் பார்த்தார். போன மாதம் கடையில் புது கேம் மெஷினை மாட்டிக் கொடுத்தது அவர்தான் என்பதும், அன்றைக்குக் கேம் கணக்கின் பாஸ்வேர்டைத் தன் வாயாலேயே அவருக்குச் சொன்னதும் ஜெசிந்தாவுக்கு அப்போதுதான் உறைத்தது. வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை கம்பெனிக்காரன் நிஜத்தைச் சொல்லியிருக்கிறான், அதை யாரும் நம்பவில்லை.

அவள் குனிந்து போனில் சொன்னாள். "அணைச்சிருங்க மதினி."

அங்கே டிவி அணைந்தது. இங்கே திரை திறந்தது. கார்கள் வரிசையாக வந்து நின்று உறுமின.

"பாத்தீரா வே" என்று அண்ணாச்சி மைதீன் பக்கம் திரும்பினார். "கையே வைக்கல."

நறுக்கென்று நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்று ஜெசிந்தாவுக்கு ஆத்திரம் வந்தது. ஆனால் நாற்பது பேரும் இருந்த இடத்திலேயே இருக்கிறார்கள். அவர்களைப் பிடித்து வைத்ததும் இதே வாய்தான். உட்கார்ந்து, ஒரு கையால் மறைத்துக்கொண்டு பாஸ்வேர்டை மாற்றினாள். உலகத்துப் பூட்டையெல்லாம் உடைத்தவர் பின்னால் வந்து கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை.

"தங்கச்சி" என்றார் மெதுவாக. "புதுசு என்னன்னு மட்டும் சொல்லிரு. வீட்டுல பாதி ரேஸ்ல நிக்கேன்."

"நீங்கதான் ஒடைக்கிற ஆளாச்சே அண்ணாச்சி. ஒடைச்சுக்கோங்க" என்று சொல்லிவிட்டு, ஜெசிந்தா முதல் ஆட்டத்துக்குப் பேர் கூப்பிட்டாள்.