இழுத்தால் வராத கதவு

டென்மார்க்கின் ஹேர்னிங் நகரில், பழைய தேக்கு அலுமாரிகளைப் புதுப்பிக்கும் பட்டறை ஒன்றை நிவேதினி நடத்திவந்தாள். அவளுக்கு முப்பத்து மூன்று வயது. அவளிடம் வேலை பழக வந்த குணநாயகத்துக்கு அறுபத்தொன்று.

அவர் முப்பது வருடம் இறைச்சித் தொழிற்சாலையில் நின்று ஓய்வுபெற்றவர். ஏழு வாரத்துக்கு முன் அவருடைய மனைவி தவமலர் ஒரு பெட்டியோடு தமக்கை வீட்டுக்குப் போய்விட்டார். அன்றிலிருந்து குணநாயகத்தால் வீட்டில் இருக்க முடியவில்லை. பட்டறையிலும் இருக்க முடியவில்லை. உளியை எடுப்பார், வைப்பார். வாசலுக்குப் போவார், தொலைபேசியைப் பார்ப்பார், திரும்பி வருவார்.

அன்று மெருகூட்ட வேண்டியது உயரம் குறைந்த, நீளமான அலுமாரி. முன்பக்கம் இரண்டு கதவுகள். வெளிப்பக்கம் திறக்கிற கதவுகள் அல்ல. மேலும் கீழும் நீளப் பள்ளமாக வெட்டிய காடிக்குள் பக்கவாட்டில் ஓடுகிறவை.

"கதவைக் கழட்ட வேணும். முதல்ல மேல கிடக்கிறதை இறக்குங்கோ, அங்கிள்," என்றாள் நிவேதினி.

"ஓம் ஓம்."

அவர் கை ஏற்கெனவே கதவில் இருந்தது.

அலுமாரியின் மேல் பதினாறு வார்னிஷ் டின்கள் இருந்தன. வேறு இடம் தேடப் பொறுமையில்லாமல் முந்தின நாள் அவரே அடுக்கியவை.

கதவு பக்கவாட்டில் முனகிக்கொண்டு ஓடியது. வெளியே வரவில்லை. தன் பக்கம் இழுத்தார். காலை ஊன்றி மறுபடி இழுத்தார்.

"உது இழுத்து வாற கதவில்லை, அங்கிள். தூக்கினாத்தான் வரும். மேல பாரம்..."

"விளங்குது, பிள்ளை. ஈரத்துக்கு மரம் ஊதிப்போச்சு. அதுதான் இறுகிக் கிடக்கு."

சூடான காற்றை ஊதிப் பார்த்தார். காடிக்குள் மெழுகுதிரியைத் தேய்த்தார். வாசலுக்குப் போய் வந்தார். கடைசியில் ஸ்குரூ டிரைவரைக் கதவின் அடியில் செருகினார்.

"அந்த டின்னுகளை..."

"ரெண்டு நிமிசம் தாரும்."

நெம்பினார். சடக்கென்று சத்தம் கேட்டது. கதவின் கீழ் விளிம்பில் ஒட்டியிருந்த மெல்லிய தேக்குத் தகடு நகமளவு பெயர்ந்து விழுந்தது.

குணநாயகம் அதைப் பொறுக்கிக்கொண்டு நிலத்தில் உட்கார்ந்துவிட்டார்.

நிவேதினி எழுந்து வந்தாள். டின்களை ஒவ்வொன்றாக இறக்கினாள். பதினாறும் இறங்கியதும், கதவை அழுத்திக்கொண்டிருந்த மேற்பலகை கொஞ்சம் நிமிர்ந்தது. இரண்டு உள்ளங்கைகளாலும் கதவைப் பிடித்துத் தூக்கினாள். அது மேல்காடிக்குள் அரை விரல் ஏறியது. கீழ்ப்பக்கம் காடியை விட்டு விலகியது. கதவு கையோடு வந்தது.

"உதை முதலே சொல்லியிருக்கலாமே, பிள்ளை."

"சொன்னனான், அங்கிள். மூண்டு தரம்."

அவள் கதவை மேசையில் கிடத்தினாள். பெயர்ந்த துண்டை அவரிடமிருந்து வாங்கி, பசை பூசி, இருந்த இடத்திலேயே பொருத்தினாள்.

"பசை பிடிக்குமட்டும் உதை அமத்திக்கொண்டு இருங்கோ. விரலை எடுக்காதேங்கோ."

குணநாயகம் எழுந்து வந்து பெருவிரலால் அமர்த்திக்கொண்டு நின்றார். சட்டைப் பையில் தொலைபேசி இருந்தது. எடுக்க முடியவில்லை. ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாறி நின்றார். பிறகு அதையும் விட்டார்.

"என்ரை மனிசியும் உப்பிடித்தான்," என்றார் திடீரென்று. "முப்பத்து நாலு வருசம் ஒண்டாய் இருந்தனாங்கள். ஒரு சொல்லும் சொல்லாமல் வீட்டை விட்டுப் போட்டா."

நிவேதினி பசைப் போத்தலை மூடினாள்.

"ஒரு சொல்லும் சொல்லேல்லையோ, அங்கிள்?"

குணநாயகம் அவள் இறக்கிவைத்த பதினாறு டின்களையும் பார்த்தார். பெருவிரலை இன்னும் கொஞ்சம் அழுத்தினார்.