முதல் கிண்ணம் யாருக்கு?

முன்னொரு காலத்தில், மார்கழிப் பனியோடு சளிக்காய்ச்சலும் தவறாமல் வந்து இறங்கும் ஒரு நாடு இருந்தது. அரண்மனை வைத்தியர் அதற்கு ஒரு காப்பு மருந்து காய்ச்சுவார். முன்கூட்டியே குடித்துவிட்டால் காய்ச்சல் அண்டாது. ஆனால் மூலிகை அரிது. வருஷத்துக்கு அறுபது கிண்ணம்தான் தேறும்.

யாருக்குக் கொடுப்பது? அரசர் ரொம்ப யோசிக்கவில்லை. "சபையில் தாம்பூலம் கொடுக்கிற வரிசையிலேயே கொடுங்கள்" என்றுவிட்டார். மரியாதையும் மருந்தும் ஒன்றா என்று கேட்க அங்கே ஒருவருக்கும் வாய் வரவில்லை.

விகடகவி மருதப்பனுக்கும் வரவில்லை. போன வருஷம் ஏழாவது கிண்ணத்தை வாங்கிக் குடித்தவன் அவன். கல்லைத் தின்றாலும் செரிக்கிற உடம்பு அவனுக்கு. வீடு வீடாகப் போய் நோயாளிகளுக்குக் கஞ்சி ஊட்டிய மருத்துவச்சி சடைச்சிக்கோ ஒரு சொட்டும் கிடைக்கவில்லை. தை பிறக்குமுன் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். இப்போது அந்த வேலையை அவள் மகள் வெள்ளையம்மா செய்கிறாள், ஏழு மாதக் கர்ப்பத்தோடு.

இந்த வருஷ மருந்து சபைக்கு வந்தது. சபையில் முதல் தாம்பூலம் வாங்குகிற, மருதப்பனைக் கண்டாலே எரிகிற பிரதானி வரதராயர் எழுந்தார். "மன்னா, இம்முறை வரிசையை மருதப்பனே சொல்லட்டும். தாம்பூல முறை அணுவளவு பிசகினாலும் அவன் நாடு கடக்க வேண்டும்."

"ஆகட்டும்" என்றார் அரசர்.

"பிசகாது, மன்னா" என்றான் மருதப்பன். "போர் வந்தால், முதல் தாம்பூலம் வாங்கியவர்தான் முன்னணியில் நிற்க வேண்டும். அதுவும் இந்தச் சபையின் முறை. நெடுநாள் போரில்லாததால் மறந்துவிட்டோம். இன்று படையெடுத்திருப்பது காய்ச்சல். குயவர் தெருவில் இறங்கியிருக்கிறது. முதல் கிண்ணம் பிரதானிக்கு. குடித்த கையோடு அங்கே போய் நோயாளிகளுக்குக் கஞ்சி ஊட்டட்டும்."

நீட்டிய கையைப் பிரதானி மடக்கிக்கொண்டார். "எனக்கு இடுப்புப் பிடிப்பு. அடுத்தவர் வாங்கிக்கொள்ளலாம்." அடுத்தவர் வீட்டில் கல்யாணமாம். அதற்கடுத்தவர் தூணுக்குப் பின்னால் போய்விட்டார்.

"முன்னணிக்கு ஆளே இல்லையா?" என்றார் அரசர்.

"இருக்கிறார்கள், மன்னா. ஏற்கெனவே அங்கேதான் நிற்கிறார்கள்."

வெள்ளையம்மாவை அழைத்து வந்து முதல் கிண்ணத்தைக் கொடுத்தார்கள். அடுத்து நோயாளிகளைத் தொட்டுப் பார்க்கிறவர்கள், பிள்ளைத்தாய்ச்சிகள், மூச்சிரைக்கும் வயசாளிகள் என்று முடிவானது. பச்சைக் குழந்தைக்கு இந்த மருந்து ஆகாது என்றார் வைத்தியர். அதனால் குழந்தையைத் தூக்குகிறவளுக்குக் கொடுக்கச் சொன்னார்கள்.

பிரதானியின் முகத்தைப் பார்த்துப் பார்த்துச் சிரித்த அரசர், முத்துமாலையைக் கழற்றி மருதப்பனிடம் நீட்டினார். "இந்த யோசனை உனக்கு எப்போதடா வந்தது?"

"போன மார்கழியிலேயே வந்தது, மன்னா. பிரதானியைப் பகைப்பானேன் என்று பேசாமல் குடித்துவிட்டேன்."

அரசரின் சிரிப்பு நின்றது. வெள்ளையம்மா காலிக் கிண்ணத்தை அவன் முன்னால் வைத்தாள்.

"கஞ்சி ஆறிடும். நான் வர்றேன், சாமி" என்று அரசரிடம் மட்டும் சொல்லிக்கொண்டு கிளம்பினாள்.

கண்கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பது மருதப்பனுக்கும் தெரியும். ஆனாலும் மாலையைப் படியில் வைத்துவிட்டு, வாசலில் இருந்த அவளுடைய கஞ்சிப் பானையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே நடந்தான். அந்த வருஷம் அவன் மருந்து குடிக்கவில்லை.