முப்பத்தொரு முட்டை

குரு என்றதும் தாடியும் மரத்தடியும் ஞாபகத்துக்கு வந்தால் அதைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிடுங்கள். இந்தக் கதையில் குருவுக்கு வயது இருபத்தொன்பது. பெயர் ஜெசிந்தா. மாற்றுத்திறன் பிள்ளைகளுக்காக ஸ்கூட்டியில் ஒன்பது பள்ளிக்கூடம் சுற்றுகிற சிறப்பாசிரியை. சிஷ்யருக்கு ஐம்பத்தொன்று. பெயர் தவசிலிங்கம். கரிசல்காட்டு நடுநிலைப் பள்ளி ஒன்றில் ஐந்தாம் வகுப்பு ஆசிரியர். இருபத்தாறு வருஷ சர்வீஸ், சர்க்கரை கொஞ்சம், பதற்றம் நிறைய.

பதற்றத்துக்குக் காரணம் கனிஷ்கா. பத்து வயது. காதுக்குப் பின்னால் மிஷின் மாட்டினால் சத்தம் கேட்கும், சொல் பிரியாது. எதிரில் இருப்பவரின் வாயைப் பார்த்துத்தான் புரிந்துகொள்வாள். தொண்ணூறு கிலோமீட்டர் தள்ளி ஒரு விடுதிப் பள்ளியில் நான்கு வருஷம் இருந்தாள். லீவு முடிந்து திரும்பும்போதெல்லாம் அப்பாவின் லோடு ஆட்டோக் கம்பியைப் பிடித்துக்கொண்டு விடமாட்டாள். இந்த வருஷம் அப்பா மாரிக்கனிக்கு மனசு கேட்கவில்லை. உள்ளூரிலேயே சேர்க்க வந்துவிட்டார்.

"ரெண்டு வாரம் கழிச்சு வர்ற திங்கக்கிழமை சாயங்காலம் வரைக்கும்தான் அங்க எடம் வச்சிருப்பாங்க சார்" என்றார். "அன்னைக்கு ஒரு நாள் பாக்கேன். ஒத்துவரலைன்னா திரும்ப அங்கயே விட்டுருதேன். பிள்ள ரெண்டுங்கெட்டானா நிக்கக் கூடாது."

தவசிலிங்கம் சரி என்றார். அதற்கு ஒரு பழைய காரணம் இருந்தது. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் அவர் வகுப்பில் சண்முகவேல் என்று ஒருவன். போர்டில் இருப்பதை எழுதச் சொன்னால் எழுதமாட்டான். மக்கு என்று முடிவுகட்டிக் கடைசி பெஞ்சில் போட்டார். அவன் படிப்பை விட்டு ஒர்க் ஷாப்புக்குப் போன பிறகு, யாரோ கண் முகாமுக்குக் கூட்டிப்போய்த்தான், அவனுக்குத் தூரத்தில் இருப்பது தெரியாது என்று தெரிந்தது. இப்போது கண்ணாடி போட்டுக்கொண்டு அவர் பைக்குக்கு ஆயில் மாற்றுகிறான். அவரைக் கண்டால் எழுந்து நிற்கிறான். அவரால் அதைத் தாங்க முடியவில்லை.

அதனால் இந்த முறை ஒன்றும் விட்டுப்போகக் கூடாது என்று இருநூறு பக்க நோட்டு ஒன்று வாங்கினார். முதல் நாள் அதை விரித்து வைத்துக்கொண்டு ஜெசிந்தாவிடம் கேட்டார்.

"எங்க உட்கார வைக்கணும் டீச்சர்?"

"முன்னாடி. ஆனா ஓரமா இல்ல, பிள்ளைங்களோட பிள்ளையா."

எழுதிக்கொண்டார். "அப்புறம்?"

"வெளிச்சம் உங்க முகத்துல விழணும். ஜன்னலுக்கு முதுகு காட்டி நிக்காதீங்க."

அதையும் எழுதி, ஸ்கேல் வைத்துச் சிவப்பில் அடிக்கோடு போட்டார். ஜெசிந்தா இன்னும் ஏதோ சொன்னாள். அவர் கோட்டை முடித்துவிட்டு நிமிர்ந்தார்.

"என்னமோ சொன்னீங்களே?"

"முதல்ல எழுதி முடிங்க சார்."

"அப்புறம்?"

அந்த இரண்டு வாரத்தில் அவர் எத்தனை 'அப்புறம்' கேட்டார் என்பதற்குக் கணக்கில்லை. சைகை பழக வீடியோ பார்த்தார். மிஷினுக்கு பேட்டரி எத்தனை நாள் வரும் என்று விசாரித்தார். பெஞ்சை இரண்டு அடி தள்ளிப்போட்டார், மறுநாள் ஒரு அடி திரும்ப இழுத்தார். நூற்றுப் பதினெட்டாம் பக்கம் வரை எழுதியும் பதற்றம் அடங்கவில்லை.

சனிக்கிழமை, பிள்ளைகள் இல்லாத வகுப்பில் அவர் கேட்டார். "டீச்சர், நான் தயாராயிட்டேனா?"

ஜெசிந்தா காதில் பஞ்சு வைத்துக்கொண்டு முதல் பெஞ்சில் உட்கார்ந்தாள். "நான்தான் கனிஷ்கா. பாடம் நடத்துங்க."

நீர்ச் சுழற்சி நடத்தினார். அவருக்குப் பிடித்த பாடம். போர்டில் கடல் வரைந்தார், சூரியன் வரைந்தார், ஆவி மேலே போவதற்கு அம்புக்குறி போட்டார். விளக்கம் தங்குதடையில்லாமல் வந்தது. மழையையும் பெய்வித்துவிட்டுத் திரும்பினால் பெஞ்சு காலி.

ஜெசிந்தா வெளியே குழாயடியில் நின்று கொய்யாப்பழம் தின்றுகொண்டிருந்தாள்.

"எப்பப் போனீங்க?"

"நீங்க கடல் வரையும்போது."

"நான் பேசிக்கிட்டுத்தான இருந்தேன்?"

"போர்டுகிட்ட பேசிக்கிட்டிருந்தீங்க சார். நடுவுல எதுக்கு இடைஞ்சல்னு வந்துட்டேன்."

மனிதர் ஆடிப்போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து, ஒரு வார்த்தைகூட போர்டில் எழுத வேண்டியிராதபடி நாற்பது சார்ட் தயாரித்தார். "நம்ம பிள்ள கல்யாணத்துக்குக்கூட நீங்க இப்படி ஓடலையே" என்றாள் மனைவி. அவர் காதில் அது விழவில்லை.

திங்கட்கிழமை வந்தது. மாரிக்கனி மகளை விட்டுவிட்டு லோடுக்குப் போகாமல், கேட்டுக்கு வெளியே பூவரச மரத்தடியில் ஆட்டோவை நிறுத்திக்கொண்டார். ஜெசிந்தா வேறொரு பள்ளிக்குப் போய்விட்டு மதியம் வருவதாகச் சொல்லியிருந்தாள்.

தவசிலிங்கம் கனிஷ்காவைப் பார்த்துச் சைகையில் வணக்கம் சொன்னார். அவளும் சொன்னாள். ஜன்னல் பக்கம் முதுகு காட்டாமல் நின்றார். சார்ட்டுகளை வரிசையாக அடுக்கினார். அட்டெண்டன்ஸ் எடுத்துவிட்டுப் பாடத்தைத் தொடங்கினார். முகத்தை ஒரு விநாடிகூடத் திருப்பவில்லை. கனிஷ்காவின் கண் அவர் வாயைவிட்டு நகரவில்லை. பதினோரு மணிக்கெல்லாம் அவருக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

மத்தியானம் சத்துணவு வரிசையில் கனிஷ்கா கடைசியாக நின்றாள். சாப்பாடு போட்ட பவுனக்கா சட்டிக்குள் கரண்டியை விட்டுத் துழாவினாள்.

"முட்டை இல்லையே."

"எப்படி இல்லாமப் போகும்?" என்றார் தவசிலிங்கம்.

"உங்க வகுப்புச் சீட்டுல முப்பத்தொண்ணுன்னுதான சார் போட்டு அனுப்புனீங்க? முப்பத்தொண்ணு அவிச்சேன்."

கனிஷ்கா சட்டியைப் பார்த்தாள். பவுனக்காவின் கையைப் பார்த்தாள். பிறகு தட்டை எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்து வெறும் சோற்றைப் பிசைந்தாள். கேட்கவில்லை, அழவில்லை. அவளுக்கு இதெல்லாம் பழகியிருந்தது. கேட்டுக்கு வெளியே மாரிக்கனி முகத்தைத் திருப்பிக்கொண்டு, காலையிலேயே துடைத்திருந்த ஆட்டோக் கண்ணாடியை மறுபடியும் துடைக்கத் தொடங்கினார்.

தவசிலிங்கம் வகுப்புக்கு ஓடி ரிஜிஸ்டரைப் புரட்டினார். புதிதாகச் சேர்ந்ததால் கடைசி வரியில் கனிஷ்கா. அவள் பெயருக்கு நேரே ஆப்சென்ட். அவருடைய பேனா, அவருடைய மை.

ஜெசிந்தா வந்தபோது அவர் நோட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார்.

"என்னால ஆகாது டீச்சர். பிள்ளையை அங்கயே கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க. இந்தாங்க, நோட்டு. வேற யாருக்காவது உதவும்."

அவள் நோட்டை வாங்கவில்லை. ரிஜிஸ்டரைப் பார்த்தாள்.

"பேர் கூப்பிடும்போது எங்க பார்த்துக்கிட்டிருந்தீங்க?"

"ரிஜிஸ்டரைத்தான்."

"எத்தனை வருஷமா?"

"இருபத்தாறு வருஷமா அப்படித்தான்."

"அப்ப பிள்ளைங்க வந்திருக்காங்கன்னு எப்படித் தெரியும்?"

"உள்ளேன் ஐயான்னு சத்தம் வருமே. எது யார் சத்தம்னு தூக்கத்துலகூடச் சொல்லிருவேன்." சொல்லும்போதே அவர் குரல் இறங்கிவிட்டது. "கடைசி பேருக்கு சத்தம் வரல. கை தானாப் போட்டிருச்சு."

"மத்தியான அட்டெண்டன்ஸ் இன்னும் எடுக்கலையே?"

"இல்ல."

அவள் அவர் சட்டைப் பையிலிருந்த பேனாவைக் கேட்டு வாங்கினாள். ரிஜிஸ்டரையும் எடுத்துக்கொண்டு கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தாள்.

"பேரெல்லாம் மனப்பாடம்தான? கூப்பிடுங்க. நான் போட்டுக்கிறேன்."

பிள்ளைகள் சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார்கள். கையில் ஒன்றும் இல்லாமல் அவர்கள் முன்னால் நிற்பது அவருக்குக் கூச்சமாக இருந்தது. கையைப் பின்னால் கட்டினார், முன்னால் கட்டினார்.

"அருள்ராஜ்."

"உள்ளேன் ஐயா." சத்தம் வழக்கம்போல வந்தது. ஆனால் அசைந்த வாய் முத்துப்பாண்டியுடையது. வகுப்பு மூச்சைப் பிடித்துக்கொண்டது.

"அவன் எங்கடா?"

"தெக்குத் தெருவுல போர் போடுறாங்க ஐயா. பாக்கப் போயிருக்கான்."

"இது எத்தனை நாளா நடக்கு?"

"மத்தியானம் மட்டுந்தான் ஐயா."

சக்திப்பிரியாவைக் கூப்பிட்டார். இடது கன்னம் வீங்கியிருந்தது. காலையிலிருந்தே அப்படித்தானாம். மாடசாமியைக் கூப்பிட்டார். நான்காம் பெஞ்சில் இருந்த அவன் கண்ணைச் சுருக்கி, நெற்றியைச் சுருக்கி, அவரைத் தேடுகிற மாதிரி பார்த்து "உள்ளேன் ஐயா" என்றான்.

தவசிலிங்கம் அடுத்த பெயரைச் சொல்லவில்லை. சண்முகவேலும் இப்படித்தான் பார்த்திருப்பான். எத்தனை நாள் பார்த்தானோ, அவர் நிமிரவில்லை. மூன்று பெஞ்சு தாண்டி மாடசாமியின் பக்கத்தில் போய் நின்றார். பையனின் நெற்றி தளர்ந்தது.

ஒவ்வொரு பெயருக்கும் அவர் எங்கே பார்க்கிறார் என்று கனிஷ்காவும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள். கடைசியில் அவளுக்கு முன்னால் வந்து நின்றார்.

"கனிஷ்கா."

அவள் எழுந்து நின்றாள். "உள்ளேன் ஐயா." எழுத்துகள் கொஞ்சம் குழைந்து வந்தன. ஒரு பையன் சிரித்தான், பக்கத்தில் இருந்தவன் அவனைக் கிள்ளினான். இரண்டு நிமிஷத்து அட்டெண்டன்ஸ் அன்றைக்குப் பதினான்கு நிமிஷம் பிடித்தது.

சாயங்காலம் மணி அடித்ததும் தவசிலிங்கம் கனிஷ்காவோடு கேட்டுக்குப் போனார்.

"பிள்ளைக்கு முட்டை கிடைக்கலையே சார்" என்றார் மாரிக்கனி. கோபமாகச் சொல்லவில்லை.

"என் தப்பு. வந்த பிள்ளையை வரலைன்னு நான்தான் போட்டேன்."

கனிஷ்கா அப்பாவின் கையை இழுத்தாள். எதிரே ஒருவர் நின்று பார்ப்பதாகக் கையால் காட்டினாள். பிறகு விறைப்பாக நின்று "உள்ளேன் ஐயா" என்றாள். இன்னொரு முறையும் செய்து காட்டினாள். மாரிக்கனி அவளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு வண்டியில் ஏறினார்.

"நாளைக்கு எத்தன முட்டைன்னு சரியாச் சொல்லிருங்க சார்."

ஆட்டோ போனது. தவசிலிங்கம் அங்கேயே நின்றார். ஜெசிந்தா ஸ்கூட்டியைத் தள்ளிக்கொண்டு வந்து பேனாவை அவரிடம் நீட்டினாள்.

"நூத்திப் பதினெட்டு பக்கம் எழுதினேன் டீச்சர்" என்றார். அவருக்கு ஆறவில்லை. "நாப்பது சார்ட். இந்த ஒண்ணை முதல் நாளே சொல்லியிருக்கலாம்ல?"

ஜெசிந்தா ஹெல்மெட்டை மாட்டினாள்.

"முதல் நாளே சொன்னேன் சார். நீங்க குனிஞ்சு எழுதிக்கிட்டிருந்தீங்க."