கடைசிப் பக்கத்து யானைக்குட்டி

கிட்ட வந்து உட்காருங்க. இன்னும் கொஞ்சம் கிட்ட. இந்தக் கதையில் வருகிற ஆள் மெதுவாகப் பேசுகிற ஆள். தள்ளி உட்கார்ந்தால் காதில் விழாது.

தேக்கங்காட்டுக் குளத்தோரம் ஒரு முள்ளம்பன்றி இருந்தது. அது நடந்தால் முதுகு முள்ளெல்லாம் உரசி ஜல் ஜல்லென்று சத்தம் வரும். அதனால் அதற்குச் சலங்கை என்று பெயர்.

ஒருநாள் காட்டு வழியே போன பஸ்ஸின் ஜன்னலிலிருந்து ஒரு படக்கதைப் புத்தகம் விழுந்தது. ஓடிப்போய் முதலில் எடுத்தது மந்தி.

"எனக்குத்தான் விரல் இருக்கு! நான்தான் புரட்டுவேன்! யாரும் தொடப்படாது!" என்றது.

அன்று முதல் தினமும் வெயில் சாயும் நேரத்தில் மந்தி பாறைமேல் உட்காரும். ஒரு பக்கத்தை விரித்துக் காட்டும். ஒரே ஒரு பக்கம்தான். அதற்கே காடு முழுக்கக் கூடிவிடும்.

எழுத்து ஒருவருக்கும் தெரியாது. தெரியாவிட்டால் என்ன, படம் இருக்கிறதே! ஒரு யானைக்குட்டி, ஊருக்குள் இருக்கிற நூலகத்துக்குப் போகிறது.

"நூலகம்னா என்னய்யா?" என்றது காட்டெருமை.

ஊர் சுற்றுகிற காக்கை சொன்னது: "புத்தகமா அடுக்கி வச்சிருக்கிற வீடு. யார் வேணும்னாலும் எடுத்துட்டுப் போகலாம். பார்த்துட்டுத் திருப்பிக் கொடுத்துடணும்."

"திருப்பிக் கொடுக்கணுமா! அந்தக் கிறுக்கு வேலையை எவன் செய்வான்!" என்ற மந்தி, புத்தகத்தை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டது.

படத்தில் யானைக்குட்டிக்கு நூலகத்து வாசல் போதவில்லை. சுற்றிச் சுற்றி வருகிறது. ஜன்னல் வழியாகத் துதிக்கையை நீட்டுகிறது. மேல்தட்டில் ஒரு சிவப்புப் புத்தகம். எட்டுகிறது, எட்டுகிறது, இன்னும் நாலு விரற்கடைதான்...

இதையெல்லாம் சலங்கை கூட்டத்துக்கு வெளியே, காரை முட்புதரோரம் நின்றுதான் பார்த்தது. கிட்டப் போனால் மந்தி விரட்டும்.

"தள்ளிப் போ, ஊசிக்காரி! உன் முள்ளு பட்டா புத்தகம் சல்லடையாயிடும்!"

எல்லாரும் சிரிப்பார்கள். சலங்கை புதரோரத்துக்கே திரும்பிவிடும்.

புதரோரத்திலிருந்து பார்த்தால் என்ன தெரியும்? யானைக்குட்டி ஒரு சாம்பல் திட்டு. புத்தகம் ஒரு சிவப்புப் புள்ளி. அந்தச் சிவப்புப் புள்ளி, கிழங்கு தோண்டும்போதும் சலங்கையின் கண்ணுக்குள்ளேயே நிற்கும். 'அந்தக் குட்டியும் வெளியே. நானும் வெளியே. அதுக்காவது எட்டியிருக்குமா?'

ஒருநாள் மனசைத் திடப்படுத்திக்கொண்டு கேட்டது. "மந்தி அக்கா, கடைசிப் பக்கம் ஒண்ணை மட்டும் கிட்ட இருந்து பார்த்துட்டுப் போயிடறேன். அந்தக் குட்டிக்குப் புத்தகம் கிடைச்சுதா?"

"நாளைக்கு!" என்றது மந்தி.

மறுநாள் வந்தால், மறுபடியும் முதல் பக்கம்!

"இதென்ன அநியாயம்!" என்று மான் கத்தியது.

"கடைசிப் பக்கத்தைக் காட்டிட்டா, அப்புறம் என்னைத் தேடி எவன் வருவான்?" என்று மந்தி பல்லைக் காட்டியது.

அதற்குள் அடைமழை பிடித்துக்கொண்டது. மந்தி புத்தகத்தை ஒரு மரப்பொந்தில் வைத்து, களிமண்ணால் வாயை அடைத்தது. பதினைந்து நாள் மழை. பதினைந்து நாளும் சலங்கை வளைக்குள் கிடந்து ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தது.

மழை விட்டதும் எல்லாரும் ஓடி வந்தார்கள். மந்தி மண்ணைப் பெயர்த்துப் பொந்துக்குள் கையை விட்டது. வெளியே வந்தது கை நிறையக் கரையான். புத்தகம் இல்லை. புழுதிதான் இருந்தது.

"கடைசிப் பக்கத்துல என்னதான் இருந்துச்சு? நீயாவது வாயால சொல்லேன்!" என்றது மான்.

மந்தியின் முகம் சுருங்கிப் போயிற்று. "நானும் பார்க்கலை. நல்ல நாளா ஒரு நாள் பார்க்கலாம்னு வச்சிருந்தேன்."

அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை.

சலங்கை புதரோரம் வந்து படுத்தது. அங்கே அதன் முள் ஒன்று உதிர்ந்து, தேக்கிலையில் குத்தி நின்றது. அதைப் பிடுங்கியதும் ஓட்டை வழியே வெளிச்சம் பளிச்சென்று வந்தது. சலங்கை இன்னொரு ஓட்டை குத்தியது. இன்னொன்று. ஓட்டைகள் சேர்ந்து ஒரு துதிக்கை வளைந்து வந்தது!

மறுநாள் வீடு வீடாகப் போயிற்று. "நீங்க கிட்ட இருந்து பார்த்தவங்க. என்ன பார்த்தீங்க, சொல்லுங்க."

மான், குட்டியின் காது எப்படி இருந்தது என்று சொன்னது. ஆமை, "நான் குட்டை. ஜன்னலுக்குக் கீழே இருந்ததுதான் தெரியும்," என்றது. காட்டெருமை வெகுநேரம் யோசித்தது. "குட்டி காலடியில புல்லு இருந்துச்சு. அருமையான புல்லு!"

சலங்கை புல்லையும் குத்தியது. தேக்கங்கொழுந்தைக் கசக்கினால் சிவப்பாய்ச் சாறு வருமே, அதைத் தொட்டுச் சிவப்புப் புத்தகத்தை வைத்தது. இலைகளை வரிசையாகக் காரை முள்ளில் மாட்டியது. வெயில் பின்னாலிருந்து அடித்ததும், யானைக்குட்டி ஒளியாக எழுந்து நடந்தது!

கூட்டம் கூடிவிட்டது. மந்தி மட்டும் தள்ளி, தூரத்தில் நின்றது.

"மந்தி அக்கா, அங்கேயிருந்து பார்த்தா ஒண்ணும் தெரியாது. எனக்குத் தெரியும். கிட்ட வாங்க."

மந்தி தயங்கித் தயங்கி வந்தது. "தொடலாமா?"

"எடுத்துட்டே போங்க. பார்த்துட்டுத் திருப்பிக் கொடுத்துடுங்க."

மந்தி ஒவ்வோர் இலையாகப் பார்த்துக்கொண்டே வந்து, கடைசி இலையில் நின்றது. அதில் ஒரு ஓட்டைகூட இல்லை.

"இதுல ஒண்ணும் இல்லையே! குட்டிக்குப் புத்தகம் கிடைச்சுதா, இல்லையா?"

"அதைத்தான் நானும் இத்தனை நாளாக் கேட்டுட்டிருக்கேன்," என்றது சலங்கை.

எல்லாரும் அந்த வெறும் இலையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

ஒருவரே ஒளித்து வைக்கிற புத்தகம் கரையானுக்குத்தான் போகும், பலர் கையில் போய்வருகிற புத்தகம்தான் பிழைத்துக் கிடக்கும் என்பது அன்றைக்குக் காட்டுக்கே விளங்கியது. சலங்கை உடம்பை ஒரு சிலுப்புச் சிலுப்பி, உதிர்ந்த முள்ளை, முடிவை யார் வேண்டுமானாலும் குத்தட்டும் என்று அந்த வெறும் இலையின் மேல் வைத்துவிட்டு, மற்றவர்கள் கிட்ட வர இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தது.