பேழைக்கு வைத்த பொட்டு

வெகு வெகு காலத்துக்கு முன்னே, மழை எட்டிக்கூடப் பார்க்காத அனற்புரி என்றொரு நாடு இருந்தது. அங்கே கறந்த பால் வீடு வந்து சேர்வதற்குள் திரிந்துவிடும். அப்படிப்பட்ட ஊருக்குத்தான் கருங்காடன் என்ற மந்திரவாதி குளிர்ப்பேழைகளைக் கொண்டுவந்தான். ஒவ்வொரு பேழைக்குள்ளும் ஒரு குட்டிப் பூதம். அது மூச்சு விட்டால் உள்ளே பனி கொட்டும். வாங்கும்போது சல்லிசுதான், கேளுங்கள்! தலையிலிருந்து ஒரு முடி பிடுங்கிக் கொடுத்தால் போதும். பழுது பார்க்கிற கூலியில்தான் அந்தப் பாவி ஆளையே விழுங்கினான்.

அந்த ஊரில் வடிவாம்பாள் என்று ஒருத்தி. வீட்டில் அவளும் மகள் அல்லியும் மட்டும். அல்லிக்கு விடாத காய்ச்சல். வைத்தியர் கொடுத்த தழைச்சாறு குளிரில் இருந்தால் மருந்து, சூடு பட்டால் விஷம். பேழை நின்றால் மகள் இல்லை, அவ்வளவுதான்.

ஒருநாள் பேழை நின்றது. வடிவாம்பாள் பதறிப்போய்க் கருங்காடனைக் கூட்டிவந்தாள்.

"உத்தரவாதம் சொல்லித்தானே கொடுத்தீங்க, ஐயா?"

"அந்தக் கெடு முந்தாநாளோட முடிஞ்சுதே, தாயீ! சரி, நான் வந்து எட்டிப் பார்த்ததுக்கே ஒரு சிரிப்பு கூலி. முதல்ல அதை எடு."

அவள் சிரிப்பொன்றைப் பிடுங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு பேழையைத் தட்டினான், காது கொடுத்தான், உதட்டைப் பிதுக்கினான். "பார்த்தாச்சு, பழுதுதான். பாகம் போச்சு, பரிகாரம் உண்டு. உன் நாக்கு ருசியைக் கொடு."

கொடுத்தாள். அவன் திரை கட்டி, உள்ளே போய் முணுமுணுத்து, வெளியே வந்தான். பேழை குளிர்ந்தது. அன்றிலிருந்து அவளுக்குச் சோறும் ஒன்றுதான், மண்ணும் ஒன்றுதான்.

கொஞ்ச காலம் போனது. பேழை மறுபடி நின்றது. மறுபடி வந்தான். மறுபடி ஒரு சிரிப்பைப் பிடுங்கினான். "பார்த்தாச்சு, பழுதுதான். பாகம் போச்சு, பரிகாரம் உண்டு. உன் தூக்கத்தைக் கொடு."

அதையும் கொடுத்தாள். பெற்றவளாச்சே, என்ன செய்வாள்? ஊர் முழுக்க இதே கதைதான். பாடினவர்களுக்குப் பாட்டு போனது, பேசினவர்களுக்குப் பேச்சு போனது. "அவங்களே திறந்து பார்க்கலாமே" என்று கேட்கிறீர்களா? பேழையில் முத்திரை இருந்தது. உடைத்தால் கல்லாகிவிடுவாய் என்று கருங்காடன் மிரட்டி வைத்திருந்தான்.

மூன்றாம் முறையும் நின்றது. கருங்காடன் நிதானமாக வந்து நின்றான்.

"பார்த்தாச்சு, பழுதுதான். பாகம் போச்சு. ஆனா இந்தப் பாகம் இப்பல்லாம் வர்றதே இல்லை, தாயீ. புதுப் பேழை இப்ப ஒரு முடிக்கெல்லாம் கிடைக்காது, அதுக்கு உன் ஆயுசு. பழசையே ஒட்டிக் கொடுக்கணும்னா உன் மகளோட முகத்தைக் கொடு. அவ பிழைப்பா. உனக்குத்தான் அவளை அடையாளம் தெரியாது."

வடிவாம்பாள், "அவ பிழைச்சா போதும்யா, எடுத்துக்குங்க" என்று அழுதாள்.

உச்சிவேளை. வேலைக்கு வந்தவனைப் பட்டினி போடும் வழக்கம் அங்கே இல்லை. வயிற்றெரிச்சலோடு சோறு போட்டாள். அவன் மூக்கு முட்டத் தின்று, கூடத்திலேயே குறட்டை விட்டான். ஊரே வெயிலுக்குக் கண்ணயர்ந்து கிடந்தது. அவளுக்கு மட்டும் தூக்கம் ஏது? இன்னும் கொஞ்ச நேரத்தில் மறக்கப்போகிற முகத்தைப் பார்த்தபடி, பேழைமேல் கன்னத்தைச் சாய்த்து உட்கார்ந்தாள்.

உள்ளே யாரோ இழுத்து இழுத்து மூச்சு விட்டார்கள்.

"யாரது?"

"நான்தாம்மா, பூதம். மூச்சு முட்டுது. என் மூக்கை ஏம்மா அடைச்சு வெச்சிருக்கே?"

"நான் எங்கடா அடைச்சேன்?"

"மேலே சின்ன ஓட்டை இருக்கே, அதுதான் மூக்கு."

அடி ஆத்தே! அவள் அதை நெற்றி என்றல்லவா நினைத்திருந்தாள்! வீட்டுக்கு லட்சுமி மாதிரி வந்த பேழைக்கு, வெள்ளிதோறும் அந்த இடத்தில்தான் மஞ்சள் குழைத்துப் பூசி, குங்குமம் வைத்தாள். பொட்டை அழிப்பது ஆகாது என்று, பழசின்மேலேயே புதுசு. ஊரில் எல்லா வீட்டிலும் அப்படித்தான்.

"அவன் என்னடா செய்வான், திரைக்குள்ளே?"

"துணியால துடைப்பான். அவ்வளவுதான்."

முந்தானையை எடுத்தாள். நோயாளி கிடக்கிற வீட்டில் பொட்டை அழிப்பதா? மகளுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? அல்லியின் முகத்தை இன்னொரு தரம் பார்த்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு துடைத்தாள். காய்ந்த மஞ்சள் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. உஸ்ஸென்று பனி இறங்கியது.

கருங்காடன் துள்ளி எழுந்தான். "யாரைக் கேட்டுக் கை வெச்சே? கூலியை எடு!"

"இதுக்கா எங்க தூக்கத்தைத் தின்னே, படுபாவி?"

கோபத்தில் முத்திரையையே ஓங்கி உடைத்தாள். அவள் கல்லாகவில்லை. வெளியே பாய்ந்த பூதம், அத்தனை நாள் அடக்கி வைத்த மூச்சை அவன்மேல் ஊதியது. கருங்காடன்தான் நின்ற இடத்தில் உறைந்து கல்லானான். அவன் பை அவிழ்ந்தது. பாட்டும் பேச்சும் சிரிப்பும் தூக்கமும் அவரவர் வீடு தேடிப் பறந்தன. ஊராரும் தங்கள் பேழைகளின் முத்திரையை உடைக்க, தெருவெல்லாம் பூதங்கள் விடுதலையாகிப் போயின.

வடிவாம்பாளின் பூதம் மட்டும் வாசலில் தயங்கியது. "நானும் போகட்டுமாம்மா?"

"மருந்து தீரும்வரைக்கும் இருப்பியாடா?"

இருந்தது. அல்லி எழுந்து நடமாடிய அன்றுதான் அது போனது.

ருசி மட்டும் திரும்பவில்லை. அதை அவன் அன்றைக்கே தின்று தீர்த்திருந்தான். வடிவாம்பாள் பழையபடி சமைத்தாள். குழம்பைக் கரண்டியில் எடுத்து மகளின் உள்ளங்கையில் விடுவாள். அல்லி நக்கிப் பார்ப்பாள். உப்பு கூடவா, குறையவா என்று அவள் வாய் திறந்து சொல்லவே வேண்டாம். கருங்காடன் கூலியாகக் கேட்ட அந்த முகத்தைப் பார்த்தே தாய்க்குத் தெரிந்துவிடும்.