பட்டிமன்றத்துக்கு ஒரு துணி

"என்னை ஒல்லியாக் காட்டுற துணி எது?" என்று கேட்டாள் செண்பகவல்லி.

"அப்படி ஒண்ணு இல்லை" என்றாள் நிலோபர்.

"அப்போ எதுக்கு வகுப்பு நடத்துறே?"

"உட்காருங்க அக்கா."

நிலோபர் கல்லூரியில் துணியியல் சொல்லித் தருபவள். சனிக்கிழமைகளில் தன் வீட்டு முன்னறையில், கேட்டு வருகிறவர்களுக்குத் துணி பார்க்கக் கற்றுத் தருவாள். யாரிடமும் எதுவும் வாங்குவதில்லை.

செண்பகவல்லிக்கு அதுவே முதல் சந்தேகம்.

"எந்தக் கடையில உனக்குக் கமிஷன்?"

"நீங்க நினைக்கிற கடையைச் சொல்லுங்க. அங்கே மட்டும் போகாம இருந்திடுவோம்."

செண்பகவல்லி சிரிக்கவில்லை. அவள் வயதில் மூத்தவள், உடம்பில் பெரியவள், கோவில்பட்டிப் பக்கம் பட்டிமன்றங்களில் பேசுபவள். போன மாதம் ஒரு கோயில் கொடைத் திருவிழா மேடையில், நல்ல வாதம் ஒன்றின் நடுவில் அவளுக்கு மூச்சு முட்டியது. வாக்கியம் பாதியில் தொங்கியது. நடுவர் மணியை அடித்துவிட்டார்.

எதிரணிக்காரர் எழுந்தார். "அம்மா மேடை ஏறினதுலயே களைச்சுட்டாங்க, பாவம்" என்றார்.

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது.

வரும் ஞாயிற்றுக்கிழமை மறுபடி கூப்பிட்டிருக்கிறார்கள். அதிலும் பேச்சு நின்றால் இனி யாரும் கூப்பிட மாட்டார்கள். அவளுக்கு அது தெரியும்.

"அன்னைக்கு என்ன போட்டிருந்தீங்க?"

"கருநீல ஜார்ஜெட். அளவெடுத்துத் தைச்ச சுடிதார்."

"இப்போ பையில?"

"கறுப்பு ஜார்ஜெட்" என்று எடுத்து விரித்தாள். மேலிருந்து கீழாகச் சன்னமான கோடுகள். "கடைக்காரர் தோள்ல போட்டுக் காட்டினார். கண்ணாடியில நான் பாதியாத் தெரிஞ்சேன்."

"மீதிப் பாதி எங்கே போச்சு?"

"கிண்டலா?"

"கேள்வி."

செண்பகவல்லி அறையைச் சுற்றிப் பார்த்தாள். அலமாரி நிறையத் துணி. சுவர் நிறைய வெறும் சுவர்.

"ஏன் இங்கே கண்ணாடியே இல்லை? எதையாவது என் தலையில கட்டி அனுப்பிடலாம்னா?"

"ஞாயித்துக்கிழமை கண்ணாடியைப் பார்த்தா பேசப் போறீங்க?"

"எல்லாத்துக்கும் ஒரு எதிர்க்கேள்வி. நீயும் ஒண்ணும் ஒல்லியில்லை. நீ போட்டிருக்கிறது மட்டும் உன்னை ஒல்லியாவா காட்டுது?"

"காட்டச் சொல்லி நான் கேட்கலையே."

நிலோபர் எழுந்து ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்தாள். குடிக்கத்தான் என்று செண்பகவல்லி கையை நீட்டினாள். நீட்டிய கையில் தண்ணீரைத் தெளித்தாள் நிலோபர். அதன்மேல் கறுப்பு ஜார்ஜெட்டைப் போட்டாள்.

துணி தோலோடு ஒட்டிக்கொண்டது. கையின் ஒவ்வொரு மடிப்பும் வரைந்ததுபோல் தெரிந்தது.

பிறகு அலமாரியிலிருந்து அரக்குச் சிவப்பில் ஒரு பருத்தித் துணியை எடுத்துப் போட்டாள். அது ஒட்டவில்லை, விறைக்கவும் இல்லை. விழுந்த இடத்தில் விழுந்தபடி கிடந்தது.

"இது ஏமாத்து வேலை" என்றாள் செண்பகவல்லி. "மேடையில எனக்கு யார் தண்ணி தெளிக்கப் போறா?"

"ஃபோகஸ் லைட்டு. வேர்க்காதா?"

செண்பகவல்லி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டாள். "பருத்தி போட்டா நான் மூட்டை மாதிரி இருப்பேன்."

"கஞ்சி போட்ட பருத்தியிலே இருப்பீங்க. இதைத் தொட்டுப் பாருங்க."

தொட்டாள். கனமாக இருந்தது, ஆனால் குழைந்தது. அது பிடித்துப்போனதும் அவளுக்குச் சந்தேகம் இன்னும் கூடியது.

"இந்தக் கலரைப் போட்டா கடைசி வரிசைக்கும் பளிச்சுனு தெரிவேன்!"

"கடைசி வரிசைக்குக் கேட்டா மட்டும் போதுமா?"

"சரி. ரெண்டுக்கும் அளவெடு. பார்த்துட்டுச் சொல்றேன். டேப் எங்கே?"

"டேப்புக்கு எல்லாத் துணியும் ஒண்ணுதான்" என்றாள் நிலோபர். அவள் வழக்கமே வேறு. துணியையே நெஞ்சைச் சுற்றிக் கட்டி, முதுகில் ஊக்குக் குத்தி, சாக்பீஸால் கோடு போட்டுக்கொள்வாள்.

முதலில் கறுப்பு. செண்பகவல்லி கையைத் தூக்கி நிமிர்ந்து நின்றாள். இருவரும் எதுவும் பேசவில்லை. ஊக்கு ஏறியது. கோடு விழுந்தது.

அடுத்தது சிவப்பு.

"ஞாயித்துக்கிழமை என்ன தலைப்பு?" துணியைச் சுற்றிக்கொண்டே கேட்டாள் நிலோபர்.

"நிம்மதியைக் கெடுப்பது ஊரா, உறவா."

"நீங்க எந்தப் பக்கம்?"

"ஊர்."

"தோத்துடுவீங்க. உறவுதான்."

"எப்படிச் சொல்றே?"

"ஊர் தூரத்துல நின்னு சிரிக்குது. அம்மாதான் தட்டை எட்டிப் பார்த்து, இன்னொரு இட்லியான்னு கேட்கிறாங்க."

"அந்த அம்மாவை எட்டிப் பார்க்க வெச்சது யாரு?" செண்பகவல்லியின் குரல் எழும்பியது. "எங்கம்மா பெத்தப்போ என்னைக் குண்டுனு சொல்லலை. கொழுகொழுனு இருக்கான்னுதான் சொன்னா! எதிர்வீட்டுக்காரி சொன்னா, பந்தியில பக்கத்து இலைக்காரி சொன்னா, பொண்ணு பார்க்க வந்தவன் காபியைக் குடிச்சுட்டுச் சொன்னான். ஊர் சொன்னதைத்தான் அம்மா வீட்டுக்குள்ளே திரும்பச் சொன்னா. வாய் அம்மாவோடது. பேச்சு யாரோடது? நடுவர் அவர்களே, நான் கேட்கிறேன், அந்தப் பேச்சு யாரோடது?"

தெருவில் போன ஒருவர் நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

"முடிஞ்சுது" என்றாள் நிலோபர்.

"ஒத்துக்கிட்டியா?"

"துணி சுத்தி முடிஞ்சுது. வாதத்தை நான் இன்னும் ஒத்துக்கலை."

இரண்டு துணிகளையும் தரையில் பக்கம் பக்கமாக விரித்தாள். செண்பகவல்லி குனிந்து பார்த்தாள். சிவப்பில் விழுந்த கோடு, கறுப்பில் விழுந்ததைவிட ஒரு கை அகலம் தள்ளியிருந்தது.

"அதானே பார்த்தேன்!" என்று நிமிர்ந்தாள். "அதே உடம்பு. சுத்தினதும் அதே கை. உன் துணியில மட்டும் நான் எப்படி இவ்வளவு பெருத்தேன்? தளரச் சுத்தியிருக்கே."

"ரெண்டையும் உடம்போட ஒட்டித்தான் சுத்தினேன்."

"அப்போ இடையில இருக்கிற இந்த ஒரு கை எங்கேயிருந்து வந்துச்சு?"

"கறுப்பைச் சுத்தும்போது நீங்க ஏன் அக்கா ஒரு வார்த்தைகூடப் பேசலை?"

"நல்லாருக்கே கதை! அளவெடுக்கிறப்போ யாராவது மூச்சு விடுவாங்களா?" என்று சீறினாள் செண்பகவல்லி.

சீறிய வாய் திறந்தபடியே நின்றது. கருநீல ஜார்ஜெட்டுக்கும் அவள் மூச்சைப் பிடித்துத்தான் அளவு கொடுத்திருந்தாள்.