பின்னாடியே வந்த மீசைக்காரன்

போர்வையை இழுத்துக்கோ யாழி. காலை ஆட்டாத. அத்தை சொல்லச் சொல்ல "ம்" போடணும், என்ன?

"ம்."

ஒரு ஊர்ல ஒரு முழங்கால் வலிக்காரம்மா இருந்தா. பேரு குருவம்மா. கோவில்பட்டிப் பக்கம் கரிசக்காட்டுல ஆடு, மாடு, நாயின்னு வளர்த்துக்கிட்டுக் கிடந்தவளை, அவ மகன் பட்டணத்துக்குக் கூட்டிட்டு வந்துட்டான். பஸ்ஸை விட்டு இறங்கினதுமே அவன் சொன்னான்: "அம்மா, இங்க யாரையும் நம்பிடாத. கழுத்துல ரெட்டை வடச் சங்கிலி வேற கிடக்கு."

அது குருவம்மாவோட அம்மா போட்ட சங்கிலி. அவகிட்ட இருந்த தங்கமே அவ்வளவுதான். அப்போதிலிருந்து பிடிச்சுது பாரு அவளுக்குச் சந்தேகம்! பால்காரன் பாலை ஊத்தினா பாலைப் பார்க்க மாட்டா, அவன் கண்ணைப் பார்ப்பா. கதவு டொக் டொக்குன்னா, "யாரது? என்ன வேணும்? எதுக்கு வேணும்?"னு உள்ள இருந்தே கேப்பா. இப்படி இருந்தா யாரு பேசுவா? ஒருத்தரும் பேசல.

அப்புறம் அவ முழங்காலு கறக் முறக்குன்னு சத்தம் போட ஆரம்பிச்சுது. டாக்டரம்மா தட்டிப் பார்த்துட்டு, "நடங்க. மேடு பள்ளம் இல்லாத வழியா நடங்க. முதல்ல பார்க். கால் பழகினதும் ஆத்தங்கரை. அப்புறம் கடற்கரை, அங்க ஈர மணல் முட்டிக்கு மெத்தை மாதிரி இருக்கும்"னாங்க.

"சங்கிலியைக் கழட்டி வெச்சிட்டுப் போம்மா"ன்னான் மகன்.

"வீட்டுல வெச்சா வேலைக்கு வர்ற பொண்ணு எடுத்துட்டா?"ன்னா குருவம்மா. சங்கிலியைப் போட்டுக்கிட்டே கிளம்பிட்டா.

பார்க்ல தூங்குமூஞ்சி மரத்துக்கு அடியில வட்டமா ஒரு பாதை. கல்லு பாவின சமமான பாதை. சரக் சரக்குன்னு நடந்தா. வழியில நாய்ங்க படுத்திருந்துச்சு. "ஏ, எந்திரி, வழியை விடு"ன்னா. அதுங்க வாலை ஆட்டிக்கிட்டு எந்திரிச்சு வழி விட்டுச்சு.

அப்போ பின்னாடி ஒரு சத்தம். தொப்... தொப்... தொப்...

இவ நின்னா. அந்தச் சத்தமும் நின்னுச்சு. இவ நடந்தா. தொப் தொப் தொப். மெதுவா ஓரக்கண்ணால பார்த்தா. ஆறடி ஆளு. ஆட்டுக்கடா கொம்பு மாதிரி முறுக்கின மீசை. இவ பெஞ்சுல உக்காந்தா அவனும் அடுத்த பெஞ்சுல உக்காந்தான். இவ எந்திரிச்சா அவனும் எந்திரிச்சான்.

"திருடனா அத்தை?"

அவசரப்படாத. "ம்" மட்டும்.

"ம்."

குருவம்மா சங்கிலியை முந்தானையால மூடிக்கிட்டா. அப்போ பக்கத்துல ஒரு பொண்ணு வந்து உக்காந்தா. பளிச்சுன்னு சேலை, தலை நிறைய மல்லிகைப்பூ. "அக்கா, ஊருக்குப் புதுசா? தண்ணி குடிக்கிறீங்களா?"ன்னு அவ்வளவு இனிமையாக் கேட்டா. பேரு சுகந்தியாம். பட்டணத்துல குருவம்மாவை 'அக்கா'ன்னு கூப்பிட்ட முதல் ஆளு அவதான். குருவம்மாவுக்கு மனசு அப்படியே இளகிப்போச்சு. ஊர்க்கதை எல்லாம் சொன்னா. எங்க நடக்கப் போறா, எப்பப் போவா, அதையும் சேர்த்தே சொல்லிட்டா.

கால் கொஞ்சம் பழகிச்சு. அப்புறம் ஆத்தங்கரைக்குப் போனா. ஆத்தோரமா இரும்புக் கம்பி கட்டின நடைபாதை, கொக்கு நிக்குது, காத்து வீசுது. பாதி வழி போயிருப்பா, பின்னாடி... என்ன சத்தம்?

"தொப்... தொப்..."

அதேதான்! குருவம்மா வேகமா நடந்தா, அவனும் வேகமா நடந்தான். சட்டுன்னு பாலத்துத் தூணுக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டா. அந்த ஆளு அங்கயும் இங்கயும் பார்த்தான். கையைப் பிசைஞ்சான். வேர்த்துக் கொட்டுச்சு. இவ முந்தானை தெரிஞ்சதும் விறுவிறுன்னு கிட்ட வந்தான்.

"எதுக்கு ஐயா என் பின்னாடியே வாறீரு?"ன்னு கேட்டுட்டா.

அவன் மீசையைத் தடவினான். "சும்மாதாம்மா... நடக்குறேன்."

சும்மாவாம்! சந்தேகம் ரெண்டு மடங்காச்சு. திரும்பி வர்ற வழியில சுகந்தியைப் பார்த்தா. அவ காதோரமா, "அக்கா, அந்த ஆளு சங்கிலி அறுக்கிறவன். நான் பலபேர் சொல்லிக் கேட்டிருக்கேன். ஜாக்கிரதை"ன்னா.

மூணாவதா கடற்கரை. அலை ஓ...ன்னு வந்து ஷ்ஷ்ஷுன்னு போகுது. ஈர மணல்ல கால் வெச்சா முட்டி வலியே தெரியல. ஆஹான்னு நினைச்சா. தூரத்துல பார்த்தா மீசை! மணலுங்கறதால தொப் தொப் சத்தம்கூட கேக்கல, அதனால இன்னும் பயம்.

சுகந்தி ஓடி வந்தா. "அக்கா, அக்கா! அவன் கூட்டாளியோட வந்திருக்கான். இந்தப் படகு மறைவுக்கு வாங்க. சங்கிலியைக் கழட்டுங்க, கர்ச்சீப்புல முடிஞ்சு தர்றேன், இடுப்புல செருகிக்கோங்க."

குருவம்மா கழட்டிக் கொடுத்தா. சுகந்தி அதைக் கர்ச்சீப்புல வெச்சு முடிச்சுப் போட்டா, கைப்பைக்குள்ள விட்டு எடுத்தா, குருவம்மா கையில வெச்சு அழுத்தினா. "பத்திரம்க்கா. நான் போய் போலீஸைக் கூட்டிட்டு வர்றேன்."

அவ திரும்பி ஓரடி வைக்கல, அதுக்குள்ள...

லொள்! லொள்! லொள்!

"அம்மா! அம்மாவ்! எங்கம்மா போயிட்டீங்க?"

படகைச் சுத்திக்கிட்டு மீசைக்காரன் ஓடி வர்றான்! பின்னாடி ஒரு செவலை நாய். மடார்னு சுகந்தி மேல மோதினான். ரெண்டு பேரும் மணல்ல உருண்டாங்க. கைப்பை பறந்து விழுந்துச்சு. அதுக்குள்ள இருந்து ஒரு கர்ச்சீப்பு. முடிச்சு அவிழ்ந்து, பளபளன்னு ரெட்டை வடச் சங்கிலி!

குருவம்மா மணல்ல கிடந்த சங்கிலியைப் பார்த்தா. தன் கையில இருந்த கர்ச்சீப்பைப் பார்த்தா. பிரிச்சா. உள்ள என்ன தெரியுமா? கூழாங்கல்லு.

சுகந்தி எந்திரிச்சு ஓடப் பார்த்தா. குருவம்மா அவ மணிக்கட்டை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டா. ஆடு மேய்ச்ச கை, விடுமா? ஆனா திட்டல. "இந்த ஊர்ல என்னை அக்கான்னு கூப்பிட்டது நீ ஒருத்திதானடி"ன்னா. சுகந்தி தலையைக் குனிஞ்சுக்கிட்டா. அப்புறம் மீன் விக்கிற பொம்பளைங்க ஓடி வந்து சூழ்ந்துக்கிட்டாங்க, போலீஸ் வந்து சுகந்தியைக் கூட்டிட்டுப் போச்சு.

குருவம்மா சங்கிலியைக் கையில வெச்சுக்கிட்டு ஈர மணல்ல உக்காந்து அழுதா.

அவ முதுகுக்குப் பின்னாடி ஒதுங்கி நின்ன மீசைக்காரர் கேட்டாரு: "இன்னாத்துக்கும்மா அழுவுறீங்க? அதான் சங்கிலி கிடைச்சிடுச்சே?"

"சங்கிலி கிடைச்சிருச்சு"ன்னா அவ. கண்ணைத் துடைச்சா. "நீரு யாரு ஐயா? இப்பவாவது சொல்லும், எதுக்கு என் பின்னாடியே வாறீரு?"

"எம்பேரு எத்திராஜும்மா. சக்கரை இருக்குது, டாக்டரு நடக்கச் சொல்லிட்டாரு. பார்க்ல நாயி, ஆத்தாண்ட நாயி, பீச்ல நாயி. சின்ன வயசுல ஒண்ணு கடிச்சிடுச்சு, அதுல இருந்து நாயின்னா எனக்கு உசுரே போயிடும். உங்களைப் பார்த்தா மட்டும் அதுங்க வாலாட்டுது. அதான் உங்க பின்னாடியே வந்துக்கினு இருந்தேன். நீங்க படகாண்ட மறைஞ்சதும் இது துரத்த ஆரம்பிச்சிடுச்சு."

"முதல்லயே சொல்லியிருக்கலாம்ல?"

"இம்மாம் பெரிய மீசையை வெச்சுக்கினு எப்படிம்மா சொல்றது?"

குருவம்மாவுக்கு அழுகையோட சிரிப்பும் வந்துடுச்சு. செவலை நாயைப் பார்த்து, "ஏ, போ அங்கிட்டு!"ன்னா. அது போய் மணல்ல படுத்துக்கிச்சு.

மறுநாள் பார்க் வாசல்ல எத்திராஜ் காத்துக்கிட்டு நின்னாரு. குருவம்மா அவரை மேலயும் கீழயும் பார்த்தா.

"முன்னாடி நடங்க."

"முன்னாடியா? முன்னாடிதாம்மா நாயி கீது!"

"பின்னாடி வந்தா எனக்குச் சந்தேகமா இருக்கு."

ரெண்டு பேரும் அப்படியே நின்னாங்க. அப்புறம் குருவம்மா பாதையில கொஞ்சம் ஒதுங்கி இடம் விட்டா. "சரி, பக்கத்துல வாரும். கை ரெண்டையும் நான் பார்க்குற மாதிரி வீசி நடக்கணும்."

அவ்வளவு பெரிய ஆளு, பட்டாளத்துக்காரர் மாதிரி ரெண்டு கையையும் வீசிக்கிட்டு அவ பக்கத்துல நடந்தாரு. தொப் தொப். சரக் சரக்.

"...ம்."

நடந்து நடந்து கதைக்குக் காலு வலிச்சுப் படுத்துடுச்சு. நீயும் தூங்குடி கண்ணு.